விளையும் பயிர் முளையிலே தெரியாது: இளம் குவார்ட்டர்பேக்கை உடனே இறக்குவதா, உட்கார வைப்பதா?

2005 அக்டோபர் 9. சான் ஃபிரான்சிஸ்கோ மைதானத்தில், அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்காக, அலெக்ஸ் ஸ்மித் முதன்முறையாக ஓர் ஆட்டத்தைத் தொடங்கினார். வயது 21. அந்த ஆண்டு என்எஃப்எல் லீகின் டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். எதிரே இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ். நான்கு இண்டர்செப்ஷன் (எறிந்த பந்து எதிரணி கைக்குப் போவது), 28-3 தோல்வி. சீசன் முடிந்தபோது அவர் கணக்கில் டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) பாஸ் ஒன்று, இண்டர்செப்ஷன் பதினொன்று.

அதே டிராஃப்டில் 24ஆவது ஆளாகப் போன ஆரன் ராட்ஜர்ஸ், கிரீன் பேயில் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் மூன்று ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். 2008இல்தான் இடம் கிடைத்தது. பிறகு ஒரு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) வெற்றி, நான்கு எம்விபி (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்) விருது.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, "பார்த்தீங்களா, உட்கார வைச்சாத்தான் தேறுவான்" என்று முடிப்பவர்கள் நிறைய. ஆனால் அன்று ஸ்மித்துக்கு எதிரே கோல்ட்ஸுக்கு ஆடியவர் பெய்டன் மானிங். அவரும் டிராஃப்டில் முதல் ஆள்தான். 1998இல் முதல் வாரத்திலிருந்தே இறக்கிவிட்டார்கள். அந்த சீசனில் 28 இண்டர்செப்ஷன், மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி. புதுமுகம் ஒருவர் அதைவிட அதிகமாக இண்டர்செப்ஷன் கொடுத்ததே இல்லை. அப்படித் தொடங்கியவர் ஐந்து எம்விபி வாங்கினார்.

ஒவ்வொரு கோடையிலும் வாசகர்கள் அனுப்பும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "எங்க டீம் நல்ல கை உள்ள ஒரு பையனை எடுத்திருக்கு. உடனே ஆட விடணுமா, ஒரு வருஷம் பெஞ்சில் வைக்கணுமா? இவன் நிலைப்பானா?" டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் ஓட்டு கிடையாது. ஆனாலும் நம் அணி செய்வது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா என்று தெரிந்துகொண்டு கத்தலாம் அல்லவா.

## முதலில், அந்த 40 விநாடி

இது ஏன் இவ்வளவு சிக்கல் என்பதற்கு ஒரே ஒரு பிளேயை (பந்து ஒருமுறை ஆட்டத்துக்கு வந்து நிற்கும்வரை நடப்பதை) எடுத்துக்கொள்வோம். ஒரு பிளே முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடி. குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது. அதில் கோச்சின் குரல் வரும், பிளேயின் பெயர் பத்துப் பன்னிரண்டு சொல் நீளத்துக்கு. அதை அவர் வட்டமாக நிற்கும் மற்ற பத்துப் பேருக்கும் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது கோச்சின் குரல் அறுந்துவிடும். அதற்கப்புறம் தனியாள். எதிரணி நிற்கும் நிலையைப் பார்த்து, யார் பாய்ந்து வருவான், யார் பின்வாங்குவான் என்று ஊகித்து, தனக்கு முன்னால் நின்று காக்கும் லைன்காரர்களின் காவலை மாற்றச் சொல்லி, தேவைப்பட்டால் பிளேயையே மாற்றி, அதன் பிறகே பந்தைக் கேட்க வேண்டும். பந்து கைக்கு வந்தபின் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் 130 கிலோ ஆள் ஒருவன் வந்துவிடுவான்.

கிரிக்கெட்டில் ஒரு பையன் தவறு செய்தால் பெவிலியனுக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். இங்கே தவறு செய்தவன் அடி வாங்கிவிட்டு, அடுத்த 40 விநாடியில் அதே இடத்தில் நிற்க வேண்டும். அடி விழும் என்று உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால், கண் மைதானத்தின் தூரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிட்டே வருபவனைப் பார்க்கத் தொடங்கும். கெட்டுப்போன இளம் குவார்ட்டர்பேக்குகள் பலரின் கதை அதுதான்.

## எதை வைத்து அளப்பது

கையின் பலம், உயரம், ஓட்ட வேகம் எல்லாம் டிராஃப்டுக்கு முன்பே அளந்தாயிற்று. அதில் குறைந்தவரை முதல் சுற்றில் யாரும் எடுப்பதில்லை. நான் பார்ப்பது வேறு ஐந்து.

கல்லூரியில் எத்தனை ஆட்டம் தொடங்கினார். ஜேடன் டேனியல்ஸ் 55, போ நிக்ஸ் 61. டிரே லான்ஸ் 17, ஆண்டனி ரிச்சர்ட்சன் 13. எதிரணி போடும் மாறுவேடங்களை எத்தனை முறை பார்த்திருக்கிறார் என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை.

முன்னால் நிற்கும் ஐந்து லைன்காரர்கள். 1998இல் மானிங் அத்தனை பந்தை எதிரணிக்குக் கொடுத்தார், ஆனால் அந்த சீசன் முழுக்க அவரைப் பந்தோடு கவிழ்த்தது (சாக்) 22 தடவைதான். 2002இல் டிராஃப்டின் முதல் ஆள் டேவிட் கார், அப்போதுதான் பிறந்திருந்த ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணிக்குப் போனார். 76 தடவை கவிழ்த்தார்கள். ஒரே சீசனில் ஒருவர் வாங்கிய அதிகபட்ச சாக் இன்றும் அதுதான். மானிங் தவறிலிருந்து கற்றார், காருக்குக் கற்க நேரமே கிடைக்கவில்லை.

பிளே சொல்பவர் எத்தனை ஆண்டு இருப்பார். எனக்கு இதுதான் முதல் அளவுகோல். அலெக்ஸ் ஸ்மித்துக்கு 2005இல் ஆஃபென்ஸ் (தாக்குதல்) கோச் மைக் மெக்கார்த்தி. 2006இல் நார்வ் டர்னர், 2007இல் ஜிம் ஹாஸ்ட்லர், 2008இல் மைக் மார்ட்ஸ், 2009இல் ஜிம்மி ரே. ஐந்து ஆண்டில் ஐந்து வாத்தியார், ஒவ்வொருவருக்கும் ஒரு பாஷை. அந்த மெக்கார்த்திதான் 2006இல் கிரீன் பேயின் தலைமைக் கோச்சாகப் போய் ராட்ஜர்ஸை வளர்த்தவர் என்பது கூடுதல் வேடிக்கை. மானிங்குக்கோ முதல் நாளிலிருந்து டாம் மூர். 2002இல் தலைமைக் கோச்சே மாறி டோனி டஞ்சி வந்தபோதும் மூரை மாற்றவில்லை. பத்தாண்டுக்கும் மேல் ஒரே பாஷை.

மூத்தவர் யார். சொல்லிக்கொடுக்கும் மனசுள்ளவரா, இடத்தைக் காப்பாற்றுவதே கவலையாக இருப்பவரா.

சம்பளக் கடிகாரம். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணிக்கு. மூன்று சீசன் முடிந்தால் பெரிய ஒப்பந்தம் பேசலாம். கடிகாரம் அவர் ஆடினாலும் ஓடும், உட்கார்ந்தாலும் ஓடும். இதன் கசப்பைப் பின்னால் சொல்கிறேன்.

## வழி 1: முதல் வாரத்திலிருந்தே இறக்குவது

இப்போதெல்லாம் இதுதான் வழக்கம். காரணம் பணம். 2010இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உறுதித்தொகை. 2011இல் புதுமுகச் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த ஆண்டின் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் அந்த நான்கு ஆண்டில் மிச்சப் பணத்தைக் கொட்டி அணியைக் கட்டிவிடலாம் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். சியாட்டில் அதைச் செய்தும் காட்டியது. 2012இல் மூன்றாம் சுற்றில் எடுத்த ரஸல் வில்சனை உடனே இறக்கி, இரண்டாம் ஆண்டே சூப்பர் பவுல் வென்றது. அப்போது அவர் சம்பளம் பத்து லட்சம் டாலருக்கும் கீழே.

கற்றலுக்கும் இது நல்ல வழிதான், தாங்கும் வீடு இருந்தால். 2023இல் ஹூஸ்டன் சி.ஜே. ஸ்ட்ரௌடை உடனே இறக்கியது: 4,108 கெஜம், 23 டச்டவுன், 5 இண்டர்செப்ஷன். அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால் முதல் ஆளாகப் போன பிரைஸ் யங், கரோலைனாவில் 62 தடவை கவிழ்க்கப்பட்டார். கோச் பதினோரு ஆட்டத்தோடு வேலையிழந்தார். யங் தொடங்கிய ஆட்டங்களில் இரண்டு வெற்றி, பதினான்கு தோல்வி. இருவரில் யார் திறமைசாலி என்று அந்த ஆண்டை வைத்துச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். ஒருவருக்கு வீடு இருந்தது, மற்றவருக்குக் கூரையே இல்லை.

மறைமுகச் செலவு மனசில் விழுகிறது. மானிங் எடுக்கப்பட்ட அதே 1998இல் இரண்டாவதாகப் போனவர் ரையன் லீஃப். கான்சஸ் சிட்டிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 15 பாஸ் எறிந்தார். போய்ச் சேர்ந்தது ஒன்று. அதுவும் 4 கெஜம். சீசனில் 2 டச்டவுன், 15 இண்டர்செப்ஷன். தோற்பது மானிங்குக்கும் நடந்தது. லீஃபுக்கு அதோடு சேர்ந்து நிருபர்களிடம் கத்தல், சக ஆட்டக்காரர்களோடு மனஸ்தாபம். 2001க்குப் பிறகு அவர் எந்த சீசனிலும் ஆடவில்லை. பொதுவெளியில் அவமானப்பட்டு மறுநாள் காலை அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்க முடியுமா என்பதை எந்த டிராஃப்ட் சோதனையும் அளப்பதில்லை.

நிறையக் கல்லூரி ஆட்டம் ஆடியவர், லைன் சுமாராகவாவது இருக்கிறது, கோச்சுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு என்றால் இந்த வழி. 2024இல் வாஷிங்டன் டேனியல்ஸை இறக்கி 12 வெற்றியோடு மாநாட்டு இறுதி (சூப்பர் பவுலுக்கு முந்தைய சுற்று) வரை போனதும், டென்வர் நிக்ஸை இறக்கி 10 வெற்றி எடுத்ததும் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை.

## வழி 2: உட்கார வைப்பது

நானே சில ஆண்டு இந்தக் கட்சியில் தீவிரமாக இருந்தேன். பேட்ரிக் மஹோம்ஸைப் பார்த்த மயக்கம்.

2017இல் கான்சஸ் சிட்டி இன்னோர் அணியோடு டிராஃப்ட் வாய்ப்பை மாற்றி மேலே ஏறிப்போய் அவரை 10ஆவது ஆளாக எடுத்தது. அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? நம் அலெக்ஸ் ஸ்மித். சான் ஃபிரான்சிஸ்கோவில் நொறுங்கி, 2011இல் ஜிம் ஹார்பா வந்தபின் 13 வெற்றியோடு எழுந்து, அடுத்த ஆண்டே தலையில் அடிபட்டு இடத்தைப் பறிகொடுத்து, இங்கே வந்து சேர்ந்தவர். தன் இடத்துக்குத்தான் இந்தப் பையன் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஒளிக்கவில்லை. வாரம் முழுக்க எதிரணியை எப்படிப் படிப்பது, எப்போது என்ன வீடியோ பார்ப்பது என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விட்டார் என்று மஹோம்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆண்டு லீகிலேயே உயர்ந்த பாஸர் ரேட்டிங் (எறிதலுக்கான மதிப்பெண்) ஸ்மித்துடையது. ஆக, பையன் பக்கத்திலிருந்து பார்த்தது அந்த வேலையை உச்சத்தில் செய்துகொண்டிருந்த ஒருவரை.

மஹோம்ஸ் அந்த சீசனில் தொடங்கியது ஒரே ஆட்டம், டிசம்பர் 31, டென்வரில். முன்னிலை கிடைத்ததும் அவரை வெளியே கூப்பிட்டுவிட்டார்கள். பதிலாள் இறங்கிப் பந்து கைநழுவி, ஆட்டம் சமனானது. திரும்ப மஹோம்ஸையே அனுப்பினார்கள். பந்தை முன்னே கொண்டுபோய் நிறுத்தினார், கடைசி உதையில் 27-24. பார்த்தவர்களுக்கு அன்றே புரிந்தது. அடுத்த ஆண்டு 50 டச்டவுன், 5,097 கெஜம், எம்விபி.

இதைப் பார்த்துவிட்டு எல்லாப் பையன்களையும் பெஞ்சில் வைக்கச் சொல்வது தப்பு என்று எனக்குப் புரியவைத்தவர் டிரே லான்ஸ். 2021இல் மூன்று முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்து அவரை வாங்கியது சான் ஃபிரான்சிஸ்கோ. கல்லூரியில் ஒரு முழு சீசன்தான் ஆடியிருந்தார். அடுத்த ஆண்டு கோவிட் காரணமாக ஒரே ஆட்டம். அவருக்கு வேண்டியிருந்தது ஆட்டம், கிடைத்தது பெஞ்ச். 2022இல் இடம் கிடைத்த இரண்டாவது வாரமே கணுக்கால் முறிந்தது. மொத்தம் நான்கு ஆட்டம் தொடங்கியிருந்த நிலையில், 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டாலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். இடையில் 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262ஆவது பிராக் பர்டி, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெஞ்சில் இருப்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்த்தால் இது புரியும். பயிற்சியில் முதல் அணியோடு எறியும் வாய்ப்பு கிட்டத்தட்ட முழுக்க முதல் குவார்ட்டர்பேக்குக்குத்தான். இரண்டாம் ஆள் பெரும்பாலும் அந்த வார எதிரணி மாதிரி நடிப்பார். உதவிக் கோச் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார், அதில் எதிரணியின் பிளே வரைந்திருக்கும், அதை அப்படியே ஆடிக் காட்ட வேண்டும். சொந்த அணியின் பாடம் அதில் இல்லை. போதாததற்கு 2011 தொழிலாளர் ஒப்பந்தம், சீசனில் முழுக் கவசத்தோடு நடக்கும் பயிற்சியைப் பதினான்குக்குள் அடக்கிவிட்டது. ஆகவே வெறுமனே உட்கார்ந்தால் எதுவும் வராது. ராட்ஜர்ஸுக்கு மெக்கார்த்தி ஆண்டுதோறும் வசந்தத்தில் குவார்ட்டர்பேக் பள்ளிக்கூடம் நடத்தினார், காதருகே தூக்கிப் பிடித்த பந்தைக் கொஞ்சம் கீழே இறக்க வைத்தார். மூத்தவர் ஃபார்வோடு உறவு அவ்வளவு இதமாக இல்லை, ஆனாலும் பாடம் நடந்தது. ஒருவேளை மூத்தவரைவிட வாத்தியார்தான் முக்கியமோ என்னவோ.

இந்த வழியின் பெரிய மறைமுகச் செலவு, அணிக்கே ஆளைத் தெரியாமல் போவது. ஜோர்டன் லவ் 2020இலிருந்து ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று ஆண்டு உட்கார்ந்தார். ஐந்தாம் ஆண்டு உரிமையை முடிவு செய்ய வேண்டிய 2023 மே மாதத்தில் அவர் தொடங்கியிருந்தது ஒரே ஒரு ஆட்டம். கிரீன் பே நடுவழியாக ஒரு சிறிய நீட்டிப்பு போட்டுச் சமாளித்தது. அந்த சீசனில் 32 டச்டவுன் எறிந்தார். அப்புறம் 2024இல் நான்கு ஆண்டுக்கு 22 கோடி டாலர். மலிவு ஆண்டுகள் நான்கில் மூன்று பெஞ்சிலேயே கரைந்து போயின.

நிறைய ஆடியும் கெட்ட பழக்கம் கொஞ்சம் ஒட்டியிருப்பவர், ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி, உண்மையிலேயே நல்ல மூத்தவர், பள்ளிக்கூடம் நடத்தும் கோச். நான்கும் சேர்ந்தால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் முதல் பத்து இடத்தில் எடுக்கும் அணி பொதுவாகத் தோற்ற அணி. அங்கே இந்த நான்கும் எப்படிச் சேரும்?

## வழி 3: பாதி சீசனில் மாற்றுவது

யாரும் திட்டமிட்டுச் செய்வதாகத் தெரியவில்லை. மூத்தவர் தோற்கிறார் அல்லது அடிபடுகிறார், மைதானத்தில் கூச்சல், பையனை இறக்கு.

விபத்தாக நடக்கும்போது சில சமயம் அற்புதமாக அமைகிறது. 2020இல் இரண்டாம் வாரம், ஆட்டத்துக்குச் சற்று முன் சார்ஜர்ஸ் குவார்ட்டர்பேக் டைராட் டெய்லருக்கு விலா வலிக்கு அணி மருத்துவர் ஊசி போட, அது நுரையீரலில் குத்திவிட்டது. ஜஸ்டின் ஹெர்பர்ட்டுக்குத் தான் ஆடப்போவது ஆட்டம் தொடங்கும் உதைக்குச் சில நிமிஷம் முன்புதான் தெரியும். பயப்படக்கூட நேரமில்லை. 311 கெஜம் எறிந்தார், சீசன் முடிவில் 31 டச்டவுன், சிறந்த புதுமுக விருது. 2018 நவம்பரில் ஜோ ஃபிளாக்கோவின் இடுப்பில் அடிபட்டு லமார் ஜாக்சன் வந்ததும் இப்படித்தான். ஏழில் ஆறு வென்றார், மறு ஆண்டு எம்விபி. பால்டிமோர் செய்த நல்ல காரியம், அவரை ஃபிளாக்கோ மாதிரி ஆடச் சொல்லாமல் பிளேக்களை அவர் காலுக்குத் தகுந்தபடி மாற்றி எழுதியது.

இன்னொரு பக்கம் ஜாரெட் காஃப். 2016இல் முதல் ஆள். ஒன்பது ஆட்டம் உட்கார்ந்து, கடைசி ஏழைத் தொடங்கி, ஏழிலும் தோல்வி. நடுவில் கோச் வெளியேற்றம். அந்தக் குளிர்காலத்தில் அவரைத் தோல்வி என்று எழுதியவர்கள் எத்தனை பேர்! ஷான் மெக்வே வந்தார், இரண்டே ஆண்டில் அதே காஃப் சூப்பர் பவுலில் நின்றார். கை மாறவில்லை, காதில் கேட்கும் குரல் மாறியது.

இதில் மறைமுகச் செலவு ஓய்வறையில். மூத்தவரோடு பழகிய லைன்காரர்களுக்கும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கும் ஒரு வாரத்தில் எல்லாம் மாற வேண்டும், பந்தைக் கேட்கும் குரலின் ஏற்ற இறக்கம் உட்பட. கோச் தன் வேலையைக் காப்பாற்றத்தான் மாற்றுகிறார் என்ற வாசனை வந்தால் அணி இரண்டாகிவிடும்.

## வழி 4: வேறு வீட்டில் வாடியவரை எடுத்து வருவது

இளம் வீரரை வளர்ப்பது பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். 2018 டிராஃப்டின் முதல் சுற்றில் போன ஐந்து குவார்ட்டர்பேக்குகளைப் பார்த்தால் காரணம் விளங்கும். பேக்கர் மேஃபீல்ட் 1, சாம் டார்னல்ட் 3, ஜாஷ் ஆலன் 7, ஜாஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32.

ஆலன் முதல் ஆண்டு எறிந்ததில் 52.8 சதவீதமே போய்ச் சேர்ந்தது. பஃபலோ பதறவில்லை. பிரையன் டேபோல் நான்கு ஆண்டும் பிளே சொன்னார், 2020இல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கிக் கொடுத்தார்கள், அந்த ஆண்டு 69.2 சதவீதம். 2024 சீசனில் எம்விபி. ரோசனுக்கு அரிசோனா கொடுத்தது ஒரே ஆண்டு. கோச்சையும் மாற்றி, அடுத்த டிராஃப்டில் வேறு குவார்ட்டர்பேக்கை எடுத்து, அவரை விற்றுவிட்டார்கள். டார்னல்ட் நியூயார்க் ஜெட்ஸில் எறிந்த முதல் பாஸே எதிரணி கைக்குப் போய் டச்டவுன் ஆனது. 2019இல் நியூ இங்கிலாந்திடம் 33-0 என்று தோற்ற இரவில் "பேய் தெரியுது" என்று அவர் சொன்னது மைக்கில் பதிவாகி நாடே சிரித்தது. கரோலைனா, அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் ஆண்டு பெஞ்ச். 2024இல் மினசோட்டாவில் 35 டச்டவுன், 14 வெற்றி. மேஃபீல்ட் கிளீவ்லாந்தில் கோச் மாற்றி கோச் பார்த்து, பல அணி சுற்றி, டாம்பா பேயில் 2024இல் 41 டச்டவுன் எறிந்தார்.

இருவரும் மலர்ந்தார்கள், எடுத்து வளர்த்த அணிக்குத்தான் பலன் இல்லை. நல்ல லைனும் நல்ல ரிசீவரும் கைவசம் உள்ள, குவார்ட்டர்பேக் மட்டும் இல்லாத அணிக்கு இந்த வழி நிஜமாகவே மலிவு. வேறு யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | உடனே இறக்குவது | உட்கார வைப்பது | பாதியில் மாற்றுவது | வாடியவரை எடுப்பது |
|---|---|---|---|---|
| கல்லூரி அனுபவம் | நிறைய வேண்டும் | நிறைய இருந்தால் நல்லது. குறைந்தவர் துருப்பிடிப்பார் | நடுத்தரம் போதும் | கேள்வியே இல்லை |
| லைன் | சுமாராவது வேண்டும் | தயாராகும்வரை காத்திருக்கலாம் | மோசமென்றால் மாற்றவே கூடாது | நன்றாக இருந்தால்தான் பயன் |
| பிளே சொல்பவர் | மூன்று ஆண்டு நிலைக்க வேண்டும் | கற்பிக்கத் தெரிந்தவர் வேண்டும் | பிளேக்களை மாற்றி எழுதத் தயாரானவர் | பழைய காயம் அறிந்தவர் |
| மூத்தவர் | உதவிக்கு ஒருவர் | இவர்தான் பாதிப் பலம் | உறவு கசக்கலாம் | தேவையில்லை |
| மலிவு ஆண்டுகள் | முழுக்கக் கிடைக்கும் | பாதிக்கு மேல் கரையலாம் | ஏறக்குறைய முழுக்க | கிடையாது |
| மறைமுகச் செலவு | அடி, அவமானம், கெட்ட பழக்கம் | ஆளைத் தெரியாமலே பணம் பேசுவது | ஓய்வறைப் பிளவு | இரண்டாம் ஆண்டே விலை ஏறும் |

## பில் வரும் நாள்

மேலே தள்ளிவைத்த கசப்பு இதுதான். 2025இல் ஓர் அணி மொத்த ஆட்டக்காரர்களுக்கும் செலவழிக்கக்கூடிய வரம்பு 27.92 கோடி டாலர். 2023இல் ஜோ பரோவுக்குச் சின்சினாட்டி கொடுத்தது ஐந்து ஆண்டுக்கு 27.5 கோடி, சராசரி ஆண்டுக்கு 5.5 கோடி. ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. அதுவரை லைனுக்கும் தற்காப்புக்கும் போன பணம் இனி குவார்ட்டர்பேக்குக்கு. அன்றிலிருந்து அவர் மற்றவர்களின் குறையை மறைக்க வேண்டியவர் ஆகிறார். பல இளம் நட்சத்திரங்கள் மங்குவது அங்கேதான், ஆரம்பத்தில் இல்லை.

நியூயார்க் ஜயண்ட்ஸ் இதில் இரண்டு பக்கமும் அடி வாங்கியது. 2022இல் டேனியல் ஜோன்ஸின் ஐந்தாம் ஆண்டு உரிமையை வேண்டாம் என்றார்கள். அந்த சீசனில் அவர் நன்றாக ஆடிவிட்டார். உடனே 2023இல் நான்கு ஆண்டுக்கு 16 கோடி. 2024 நவம்பரில் வெளியே அனுப்பினார்கள். ஒரு நல்ல சீசனையும் ஒரு மோசமான சீசனையும் ஒரே தராசில் வைக்கத் தெரியாததன் விலை அது.

நான் கேட்பது ஒரே கேள்வி: இரண்டாவது ஆஃபென்ஸ் கோச் வந்தபிறகும், அல்லது நல்ல ரிசீவர் அடிபட்டபோதும் ஆட்டம் நின்றதா? நின்றிருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். அந்தச் சோதனையே வரவில்லை என்றால் ஐந்தாம் ஆண்டு உரிமையைப் பயன்படுத்திக் காத்திருப்பேன். விலை ஏறும், ஏறட்டும்.

## சரி, உங்கள் அணிக்கு எது?

ஒரே டிராஃப்டில் மூன்று வழியும் ஜெயித்ததும் உண்டு. 2004. பென் ராத்லிஸ்பெர்கர் இரண்டாவது வாரம் மூத்தவர் அடிபட்டதால் வந்தார், தொடங்கிய பதின்மூன்று சாதாரண ஆட்டத்திலும் வெற்றி. ஈலை மானிங் ஒன்பது ஆட்டம் கர்ட் வார்னரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிலிப் ரிவர்ஸ் டிரூ பிரீஸுக்குப் பின்னால் இரண்டு ஆண்டு. மூவருமே பதினாறு சீசனுக்குக் குறையாமல் ஆடினார்கள். மூன்று அணிகளும் பையன் வந்தபின் அவசரப்பட்டு அவரைக் கைவிடவில்லை.

அதனால் என் வரிசை இப்படி. கோச்சின் நாற்காலி ஆடுகிறதா என்று முதலில் பார்ப்பேன். ஆடுகிறது என்றால் அந்த ஆண்டு எந்த வழியும் பையனுக்கு நல்லதில்லை. முடிந்தவரை உட்கார வைத்து, அடுத்த கோச் வந்தபின் தொடங்குவதே நஷ்டம் குறைந்தது. நாற்காலி உறுதி, லைன் ஓட்டை என்றால் பாதி சீசன் வரை மூத்தவரை அடி வாங்க விடலாம், இதில் இரக்கம் பார்க்க முடியாது. இரண்டும் சரி என்றால் முதல் வாரமே இறக்குவேன், 28 இண்டர்செப்ஷன் போனாலும் சரி. கல்லூரியில் பதினைந்து ஆட்டம்கூட ஆடாதவர் என்றால் கேம் நியூட்டனுக்குக் கரோலைனா செய்தது போல, அவர் ஓட்டத்தை நம்பிப் பிளே எழுதும் கோச் இருந்தால் இறக்குவேன். இல்லாவிட்டால் அவரை முதல் சுற்றில் எடுக்கவே மாட்டேன்.

ஆகஸ்டில் பயிற்சி ஆட்டம் பார்க்கும்போது பந்து எவ்வளவு தூரம் பறக்கிறது என்பதை வர்ணனையாளர்களுக்கு விட்டுவிடுங்கள். அடி வாங்கி எழுந்த பிறகு வரும் அடுத்த பிளேயில் பையனின் தலையைப் பாருங்கள். ஹெல்மெட் தூரத்தை நோக்கி நிமிர்ந்திருக்கிறதா, முன்னால் வருபவனை நோக்கித் தாழ்கிறதா? இரண்டு மூன்று ஆட்டம் தொடர்ந்து தாழ்ந்தால், அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டவர் என்றாலும் அந்த வாரமே வெளியே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.